அம்மியைக் கொத்தினால் போதாதா?

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குப் பேருந்தில் சென்றிருக்கும் நண்பர்கள் எங்கள் கௌதள்ளியைக் கடந்தே சென்றிருப்பீர்கள். ஹனூரைத் தாண்டியதும் மலையைக் காணும் ஆவலில் கண்கள் முன்னோக்கியே இருக்குமாதலால், ஊரைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அதற்காக நான் வருந்தவும் இல்லை. கொள்ளேகால் வட்டம் முழுவதும் 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு இணைந்து, 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஆளும் கச்சேரிகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தும், எங்கள் வீட்டில் சந்தைக்குக் கன்னடமும் அடுப்படிக்குத் தமிழுமாகவே காலம் ஓடிற்று.

அந்த அடுப்படியில் ஓர் அம்மி இருந்தது, இன்றும் இருக்கிறது. என் பாட்டியின் மாமியார் காலத்து அம்மி. நான் சிறுவனாக இருந்தபோது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ, தோளில் சாக்குப் பையும் கையில் உளியும் சுத்தியலுமாக ஒருவர் "அம்மி கொத்தலையோ, அம்மி!" என்று கூவிக்கொண்டு தெருவில் வருவார். பாட்டி மஞ்சளை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். மஞ்சள் மசியாமல் வழுக்கினால், அவரைக் கூப்பிடு என்பாள். அவர் திண்ணையோரம் உட்கார்ந்து, கல்லின் முகமெங்கும் புள்ளி புள்ளியாகக் கொத்தித் தருவார். அன்று அரைக்கும் முதல் அரைப்பில் கல்துகள் இருக்குமென்று அதை வழித்து எறிந்துவிடுவார்கள். மறுநாள் முதல் அம்மி புதிய அம்மிதான். வழுக்குகிறதே என்று அம்மியைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டு வேறோர் அம்மி வாங்கப் புறப்பட்டிருந்தால், எங்கள் தெரு பாட்டியைப் பைத்தியக்காரி என்றிருக்கும்.

மாணவ நண்பர்களே! அம்மிக்கும் நம் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் விடுதிகளில் இன்று அம்மிகள் தெருவில் எறியப்படுகின்றன என்பதே நான் சொல்ல வந்த செய்தி. அவற்றுக்கு மடிக்கணினி என்று பெயர்.

என் கதையையே சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகள் மேட்டூரில் அரசு மேனிலைப் பள்ளியில் படித்தவர். தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணாவின் பிறந்தநாளன்று, பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது நீங்கள் அறிந்ததே. அதன் வழியாக இலட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. 2018-இல் என் அத்தை மகளுக்கும் ஒன்று கிடைத்தது. அவர் அதில் கல்லூரிப் படிப்பை முடித்து, வேலைக்கும் போய், அலுவலகத்தில் வேறு கணினி கொடுத்ததும் இதை எனக்குத் தந்தார். பாலாறு வழியாக மலையேறி வந்த பேருந்தில், ஒரு மூட்டை நிலக்கடலையோடு அது கௌதள்ளி வந்து சேர்ந்தது.

2024-இல் நான் முதுகலை வரலாற்றுக்கு இங்கே சேர்ந்தபோது அதையே கொண்டுவந்தேன். முதற்பருவம் ஒருவாறு கழிந்தது. இரண்டாம் பருவத்தில் அது படுத்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு நான் போய்ப் பல் துலக்கி வருவேன். அப்போதும் வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். கட்டுரை ஒரு பக்கம், மேற்கோள் பார்க்கும் நூல் ஒரு பக்கம் என்று இரண்டைத் திறந்தால் மூன்றாவது திறக்காது. நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூடியை மட்டும் பார்த்தார், அதில் அச்சிட்டிருந்த அரசு முத்திரையைப் பார்த்தார், புன்னகை செய்தார். இதற்கு ஆயுள் முடிந்தது, நாற்பத்தைந்தாயிரத்தில் நல்லதாகப் புதியது தருகிறேன், தவணை வசதியும் உண்டு என்று கனிவான கன்னடத்தில் எடுத்துரைத்தார்.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து, "கொள்ளேகால்ல வச்சு வாங்கிக்கலாம்" என்றார். அந்தத் தோடு அதற்கு முன்னர் இரு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். ஒரு முறை என் அக்காள் திருமணத்துக்கு, மறுமுறை கேழ்வரகு பொய்த்த ஆண்டில். மூன்றாம் முறை ஒரு கடைக்காரரின் புன்னகைக்காகப் போக இருந்தது.

அது போகாமல் நின்றதற்குக் காரணம் என் அறிவன்று. எங்கள் விடுதியில் வேதியியல் ஆய்வு செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார், கோலார் தங்கவயல்காரர். அவருடைய தந்தையார் சுரங்கத்தின் பட்டறையில் பிட்டராக இருந்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை, வெள்ளைக்காரன் விட்டுப்போன இயந்திரங்களை உதிரி மாற்றி மாற்றி ஓட்டியவர் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். மகனுக்கும் அந்தக் கை இருந்தது. கடைக்குப் போகுமுன் என்னிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டு, சிறிய திருப்புளி ஒன்றால் அடிமூடியைக் கழற்றினார். நான் ஏழாண்டு பழைய கணினியின் உள்ளுறுப்புகளை முதன்முதல் கண்டது அன்றுதான்.

விசிறியின் மேல் பஞ்சு போலத் தூசி படிந்திருந்தது. அண்ணன் முதலில் காட்டியது அதைத்தான். காற்றுப் போகும் வழி அடைபட்டால் செயலி சூடேறும். சூடு மிகுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் ஏர் ஓட்டும் மாடு நடையைத் தளர்த்துவது போன்றது. அடித்துப் பயனில்லை, நிழலில் கட்ட வேண்டும். தூரிகையால் தூசியைத் தட்டி, காய்ந்து பொரிந்திருந்த பழைய பசையைத் துடைத்துவிட்டுச் செயலியின்மேல் புதிய வெப்பப் பசை ஒரு பொட்டு வைத்தார்.

ஆனால் மெய்யான நோய் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மில் பலர் புதுக் கணினிக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றை அறியாமையால் செலவிடும் பணமே. பழைய மடிக்கணினிகளில் இருக்கும் ஹார்டு டிஸ்க் என்பது ஒரு சுழலும் தட்டு. பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். கிராமபோன் முள்ளைப் போன்ற ஒரு கை அதன்மேல் முன்னும் பின்னுமாக ஓடி, வேண்டிய செய்தியைத் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும் ஆகும். அது சிறிது நேரமே எனலாம். ஆயினும் கணினி விழித்தெழும்போது ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவை தட்டின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடந்தால், முள் ஓடி ஓடி ஓய்கிறது. எஸ்.எஸ்.டி. என்று வழங்கும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை, எல்லாம் சில்லுகள். ஒரு தேடலுக்கு நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதாவது ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம். செயலி எத்துணை விரைவாக இருந்தாலும் செய்தி வந்து சேராத வரை அது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத்தானே வேண்டும்? என் கணினியின் செயலி பெரும்பொழுது காத்துக்கொண்டுதான் இருந்தது. நான் அதைச் சோம்பேறி என்று ஏசிக்கொண்டிருந்தேன்.

இதனோடு ராம் என்னும் நினைவகம். என்னுடையதில் 4 ஜி.பி. மட்டுமே இருந்தது. இணைய உலவியில் பத்துப் பக்கம் திறந்தாலே அது நிரம்பிவிடும். நிரம்பியதும் கணினி என்ன செய்கிறது? மேசையில் இடமில்லாத எழுத்தர் கோப்புகளைத் தரையில் அடுக்குவது போல, மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் அதே தட்டின்மேல் இந்தச் சுமையும் ஏறுகிறது. ஆகவே இரண்டு குறையும் ஒன்றையொன்று வளர்த்தன. நல்வினையாக, என் கணினியில் இன்னொரு ராமைச் செருகும் வாய் காலியாக இருந்தது.

2025 ஜூனில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் 4 ஜி.பி. ராம் ஒன்றும் பசையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போன நண்பர் ஒருவர் வாங்கி வந்தார். (சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி, இரண்டிலும் பேரம் பேசத் தெரியாதவனுக்கு இடமில்லை.) ஒரு சனிக்கிழமை மாலைக்குள் வேலை முடிந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. கழற்றிய பழைய தட்டை ஒரு சிறு பெட்டியிலிட்டு, கல்வெட்டுப் படங்களைச் சேமித்துவைக்கப் பயன்படுத்துகிறேன். அம்மாவின் தோடு காதிலேயே இருக்கிறது.

இதை எழுதியதும் எழுதாததுமாக, அறை நண்பர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏழைக்குப் பழையதே போதும் என்று உபதேசம் செய்கிறாயா?" என்றார். நியாயமான கேள்வி. வசதி படைத்தவர் மேடையேறிச் சிக்கனத்தைப் போதிப்பதும், அதை வசதியற்றவர் கீழே அமர்ந்து கேட்பதும் நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். நான் அவ்வரிசையில் சேர விரும்பவில்லை. கணினியே இல்லாத மாணவனுக்குப் புதிய கணினியே வேண்டும். அரசுதான் அதைக் கொடுக்கவும் வேண்டும். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் இருபது இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்குவதாக அறிவித்தபோது நான் மகிழ்ந்தேன். 2018-இல் ஓர் அரசு என் அத்தை மகளின் கையில் ஒன்றைக் கொடுத்திராவிட்டால், கொத்துவதற்கு எனக்கு அம்மியே இருந்திராது. கொடுத்த பொருள் இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் போய் உழைக்கட்டும் என்பதே என் கட்சி.

மேலும், நம்மில் பலர் புதியது வாங்குவது தேவையால் அன்று, நாணத்தால். இதைச் சொல்ல எனக்கே நாணமாகத்தான் இருக்கிறது. முதற்பருவத்தில் நான் கணினியின் மூடியை வகுப்பில் முழுதாகத் திறந்ததில்லை. பின்வரிசையில் அமர்ந்து, முத்திரை தெரியாமல் ஒரு தாளை ஒட்டி மறைத்திருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் பலரும் அவ்வாறே செய்ததைப் பின்னர் கண்டேன். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இலவசப் பொருள் என்று பிறர் நகைப்பரோ என்னும் அச்சம்! கடைக்காரரின் புன்னகைக்கு நான் அத்துணை எளிதில் தலைகுனிந்ததும் அதனால்தான். அவர் கணினியைப் பழுது என்று சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றிற்று.

இந்த நாணத்துக்கு விலை உண்டு. என் வகுப்புத் தோழர் ஒருவர் தவணையில் அறுபதாயிரத்துக்கு வாங்கினார். தவணை கட்டுவதற்காக மாலை நேரத்தில் ஓர் உணவு விடுதியில் கணக்கு எழுதப் போகிறார். மாலையில்தான் நூலகத்தில் அவருக்கு வேலை இருந்தது. புதிய கணினியில் அவர் செய்வதென்ன? நான் என்னுடையதில் செய்வதையே: கட்டுரை தட்டச்சிடுகிறார், நூற்படிகளைப் படிக்கிறார், இரவில் ஒரு திரைப்படம் பார்க்கிறார். அவருடைய பழைய கணினி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. சென்ற மாதம் அண்ணனும் நானும் அதைத் திறந்து பார்த்தோம். ராம் செருகும் இரண்டு வாய்களில் ஒன்று காலி!

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லா அம்மியும் கொத்துக்கு இணங்காது. 2008-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மாக்புக் ஏர் என்னும் மெல்லிய கணினியை எடுத்துக் காட்டினார்; உலகம் கைதட்டிற்று. அதில் ராம் தாய்ப்பலகையோடே பற்றவைக்கப்பட்டிருந்தது என்பதைக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் கவனித்தனரோ, அறியேன். அந்த வழக்கம் மெல்ல மெல்ல ஏனைய நிறுவனங்களுக்கும் பரவி, இன்று மெல்லியதாக விற்கும் கணினிகள் பலவற்றில் நினைவகத்தைக் கூட்டவே வழியில்லை. மலிவான சிலவற்றில் சேமிப்பகமும் அப்படியே. வாங்கிய நாளில் எத்துணை இருந்ததோ, இறக்கும் நாளிலும் அத்துணையே. ஆகவே புதிது வாங்கித்தான் தீரவேண்டும் என்னும் நிலையில் இருப்போர், நிறத்தையும் மெலிவையும் பார்க்குமுன், ராமுக்கு வாய் உண்டா, எத்தனை உண்டு, எஸ்.எஸ்.டி.யை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், பெரிய நிறுவனங்கள் பல தம் கணினிகளைக் கழற்றிப் பூட்டும் முறையை விளக்கும் கையேடுகளை இணையத்திலேயே வைத்துள்ளன, அவற்றைப் பாருங்கள். பிரான்சு நாட்டில் 2021 முதல், மடிக்கணினியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, விலைச்சீட்டுக்கு அருகிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாயிலைத் திறந்தது. மதிப்பெண் ஒட்டிய கணினியைத்தான் இன்னும் எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

ராமிலும் சாதி உண்டு. டி.டி.ஆர்.3 வகைக்குரிய வாயில் டி.டி.ஆர்.4 நுழையாது, வெட்டுவாய் வேறிடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் வேறு. வலிந்து திணித்தால் இரண்டும் கெடும். விலையும் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராம் விலை கடுமையாக ஏறிற்று. குரூசியல் என்னும் பெயரில் நம் போன்றோருக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அவ்வாணிகத்தையே விட்டுவிடப் போவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. நான் ஜூனில் கொடுத்த விலையை நம்பி இன்று கடைக்குப் போகாதீர்கள். ஆயினும் ஒன்று: ராம் விலை ஏறினால் அது அடங்கிய புதுக்கணினியின் விலையும் ஏறவே செய்யும். பழையதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ராமுக்கு அன்றோ இப்போது மதிப்பு!

மின்கலம் உப்பியிருந்தால் விளையாட வேண்டாம். உடனே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள்; குத்தவும் அழுத்தவும் கூடாது, தீப்பற்றும். தாய்ப்பலகை எரிந்துபோன கணினிக்குப் பணம் செலவிடுவதும் வீண். பொறியியல் வரைபடமும் இயங்குபடமும் இயந்திரக் கற்றலும் பயில்வோருக்கு என் கணினி உதவாது. அவர்கள் புதியது வாங்குவதை ஆடம்பரம் என்று நான் சொல்லவில்லை. வரலாறும் இலக்கியமும் பொருளியலும் பயிலும் நமக்கு அந்த ஆற்றல் எதற்கு என்றே கேட்கிறேன்.

அடுத்து விண்டோஸ். நண்பர்கள் எடுத்துரைக்கும் தடைகளில் வலுவானது இதுவே. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்றது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். ஏறக்குறைய இருபத்து நான்கு கோடிக் கணினிகள் இதனால் கழித்துக் கட்டப்படலாம் என்று கேனலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்கிட்டது. நல்ல கண்ணும் நல்ல காலும் உள்ளவனைப் பிறந்த ஆண்டு பார்த்து வீட்டுக்கு அனுப்புவது போன்ற செயல் இது. ஐ.நா. நிறுவனங்கள் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. இந்த மலையின்மேல் இருபத்து நான்கு கோடியையும் கொட்டவேண்டுமாம்!

என் கணினியின் செயலியும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே லினக்ஸ் மிண்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த லினக்சின் வழித்தோன்றல் அது; 4 ஜி.பி. ராமே அதற்குத் தாராளம். முதல் இரண்டு கிழமை நான் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். துறையின் அச்சுப்பொறி என்னோடு பேச மறுத்தது. வேர்டில் வந்த படிவத்தை லிப்ரே ஆபீசில் திறந்தால் கட்டங்கள் இடம் பெயர்ந்து நின்றன. ஒரு முறை ஆய்வேட்டின் உள்ளடக்கப் பக்கம் முழுதும் கலைந்து, நள்ளிரவில் அண்ணனை எழுப்பித் திட்டு வாங்கினேன். இப்போது பி.டி.எப். ஆக்கியே கொடுக்கிறேன், கட்டங்கள் அசைவதில்லை. தமிழ் தட்டச்சுக்கோ ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அதில் இருக்கிறது. பட்டியல்களையும் தமிழிலேயே காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டரசு கொடுத்த கணினிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோசுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தது. என் அத்தை மகளைக் கேட்டேன். "அது எதுக்குன்னே தெரியாதுடா. இடத்தை அடைக்குதுன்னு முதல் வாரமே அழிச்சிட்டோம்" என்றார். அடைக்கலமாக வந்த மருமகளை அடுக்களைக்குள்ளேயே விடாமல் அனுப்பிவிட்ட கதைதான். நானும் அவ்விடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

இனி நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் நாம் செலவிடுவதை நான் குறை கூறவில்லை. அங்கேதான் பலருக்குத் தமிழ் பேசும் முதல் நண்பர் கிடைக்கிறார். ஆனால் வாசலில் கட்டும் பெரிய வண்ணப் பதாகை ஒன்றின் செலவில், நல்ல திருப்புளிப் பெட்டி ஒன்றும், தூரிகையும், வெப்பப் பசையும் வாங்கிவிடலாம். பருவத்துக்கு இரண்டு சனிக்கிழமை, சங்க அறையில் ஒரு நீண்ட மேசை போதும். 4 ஜி.பி.யைக் கழற்றி 8 ஜி.பி. போடுவோர் கழற்றியதைச் சங்கத்துக்கே விட்டுச் செல்லட்டும். அடுத்துவரும் நண்பருக்கு அது புதுவாழ்வு தரும். படிப்பை முடித்துச் செல்வோர் கட்டிலுக்கடியில் கிடக்கும் கணினியையும் கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்குமுன் தம் புகைப்படங்களையும் கடவுச்சொற்களையும் முற்றாக அழித்துவிட வேண்டும். இதில் கூச்சம் கூடாது. தேறாத கணினியையும் உப்பிய மின்கலத்தையும் குப்பைத் தொட்டியில் போடாமல், உரிமம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பும் பொறுப்பையும் சங்கமே ஏற்கலாம்.

பெண்கள் விடுதியிலும் இத்தகைய மேசை ஒன்று தனியே வேண்டும் என்பது என் எண்ணம். கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் விடுதி வாசலில் அண்ணனுக்காகக் காத்து நின்ற தங்கையரை நான் கண்டிருக்கிறேன். திருகாணியைக் கழற்றும் கைக்கு ஆண் பெண் என்ற வேறுபாடு ஏது? ஒரு நாள் பழகிக்கொண்டால் அவர்களே பிறருக்குச் செய்து தருவர். கன்னட நண்பர்கள் வந்தாலும் வரட்டும். எங்கள் ஊர்ச் சந்தையில் அம்மி கொத்துபவரிடம் எந்த மொழியில் கூப்பிட்டாலும் வருவார்.

மேசையைத் தொடங்குவதானால் விரைவில் தொடங்க வேண்டும். தங்கவயல் அண்ணன் இவ்வாண்டு ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுச் சென்றுவிடுவார். அவர் இருக்கும்போதே நாலைந்து பேர் கைப்பழக்கம் பெற்றால் நன்று. நான் வாங்கிய திருப்புளியைச் சங்கத்துக்குத் தருகிறேன். செயற்குழு நாள் குறித்ததும், வர விரும்புவோர் தம் கணினியின் பெயரையும் மாதிரி எண்ணையும், அதில் இப்போதுள்ள ராம் எவ்வளவு என்பதையும் ஒரு சீட்டில் எழுதிச் செயலாளரிடம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். வரும்போது மின்னூட்டியை மறக்க வேண்டாம். அதற்கு முந்திய இரவே உங்கள் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்துவிடுங்கள். என் முதற்பருவக் குறிப்புகள் பாதி போனது அதை மறந்ததால்தான்.